தாத்தாவுக்கு ஒரு கடிதம்: தனிநிலைத் தொடரும் தொடர்நிலைத் தொடரும்

கற்றல் நோக்கங்கள்

• தனிநிலைத் தொடரையும் தொடர்நிலைத் தொடரையும் வேறுபடுத்தி அறிதல்.
• பொருளுக்கு ஏற்ற இணைப்புச்சொல்லைத் தேர்ந்து பயன்படுத்துதல்.
• தெளிவான சிறு கடிதம் ஒன்றைத் தமிழில் எழுதுதல்.

1. படித்து அறிக

கயல்விழி தில்லியில் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய தாத்தா திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணி ஆற்றின் கரையில் உள்ள அம்பாசமுத்திரத்தில் வாழ்கிறார். ஆச்சி காலமான பின்னர் அவர் அவ்வீட்டில் தனியே இருக்கிறார். முன்பெல்லாம் ஞாயிறுதோறும் கயல் அவருடன் தொலைபேசியில் பேசுவாள். இப்போது தாத்தாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. மறுமுனையில் பேசுபவர் யார் என்பதே அவருக்கு விளங்குவதில்லை. ஆனால் அவருடைய கண் பார்வை நன்றாக இருக்கிறது. மூக்குக் கண்ணாடி அணிந்து நாளிதழை முழுதும் படித்துவிடுவார். ஆகவே, "இனி நீ தாத்தாவுக்குத் தமிழில் கடிதம் எழுது" என்று அப்பா கூறினார்.

பள்ளியில் கயல் இந்தியும் ஆங்கிலமும் எழுதுகிறாள். வாரத்தில் இரண்டு நாள் நடைபெறும் தமிழ் வகுப்பில்தான் தமிழ் எழுதக் கற்றாள். முதன்முதலாக அவள் தானே எழுதிய கடிதம் இது:

"அன்புள்ள தாத்தாவுக்கு, வணக்கம். நான் நலம் மற்றும் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது ஆகவே அம்மா நாள்தோறும் மருத்துவமனைக்குச் செல்கிறார் மற்றும் இரவில்தான் வீடு திரும்புகிறார் ஆகவே நாங்கள் பொங்கலுக்கு ஊருக்கு வரமாட்டோம் மற்றும் இங்கே நீண்ட விடுமுறை இல்லை. இப்படிக்கு, கயல்விழி."

கடிதம் சென்று சேர்ந்த மறுநாள், ஊரிலிருந்து பக்கத்து வீட்டார் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தனர். "குழந்தைக்கு என்ன ஆயிற்று? பெரியவர் நேற்றிலிருந்து சரியாக உண்ணவில்லை. தில்லிக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தரும்படி கேட்கிறார்" என்றனர்.

அப்பா திகைத்தார். தம்பி செழியன் அப்போது கூடத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். சென்ற மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. அது மூன்றே நாளில் குணமாகிவிட்டது. அம்மா நாள்தோறும் மருத்துவமனைக்குச் செல்வதும் உண்மை. அவர் சென்ற மாதந்தான் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணியில் சேர்ந்திருந்தார். அச்செய்தி தாத்தாவுக்குத் தெரியாது. "எல்லாரும் நலம்; அஞ்ச வேண்டா என்று அவரிடம் எழுதிக் காட்டுங்கள்" எனப் பக்கத்து வீட்டாரிடம் அப்பா கூறினார்.

கயலுக்கு அழுகை வந்தது. மறுநாள் தமிழ் வகுப்பில் தன் குறிப்பேட்டில் இருந்த கடிதப் படியை ஆசிரியரிடம் காட்டினாள்.

"ஐயா, நான் பொய் ஒன்றும் எழுதவில்லை. தாத்தா ஏன் அஞ்சினார்?" என்று கேட்டாள்.

ஆசிரியர் கடிதத்தைப் படித்தார். பின்னர், "இதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, கயல். இந்த நீண்ட தொடரைத் தனித்தனியே பிரித்துக் கரும்பலகையில் எழுது" என்றார். கயல் எழுதினாள்:

(1) நான் நலம்.
(2) தம்பிக்குக் காய்ச்சல் வந்தது.
(3) அம்மா நாள்தோறும் மருத்துவமனைக்குச் செல்கிறார்.
(4) அம்மா இரவில்தான் வீடு திரும்புகிறார்.
(5) நாங்கள் பொங்கலுக்கு ஊருக்கு வரமாட்டோம்.
(6) இங்கே நீண்ட விடுமுறை இல்லை.

"இவை ஆறும் உண்மையா?"

"ஆறும் உண்மை, ஐயா."

"அப்படியாயின், உண்மையல்லாத செய்தி எங்கே புகுந்தது?"

கயல் கரும்பலகையையும் குறிப்பேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கரும்பலகையில் இல்லாத சொற்கள் குறிப்பேட்டில் இருந்தன. அவற்றுள் ஒன்றின்மீது விரலை வைத்தாள்.

"'ஆகவே' என்ற சொல்லில், ஐயா. தம்பிக்குக் காய்ச்சல் வந்ததனால் அம்மா மருத்துவமனைக்குச் செல்கிறார் என்று தாத்தா நினைத்துவிட்டார்."

"அவர் நினைக்கவில்லை; நீ அவ்வாறு எழுதியிருக்கிறாய்" என்றார் ஆசிரியர். "இரண்டு தொடர்களை இணைக்கும் சொல்லும் ஒரு செய்தியைச் சொல்கிறது. அதனால்தான் எது தனித்தொடர், எது இணைந்த தொடர் என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும்."

2. இலக்கணம் அறிக

எழுவாயும் பயனிலையும்

ஒரு தொடரில் யார், எது, எவை என்ற வினாக்களுக்கு விடையாக வருவது எழுவாய். தொடரின் கருத்தை முடித்து வைப்பது பயனிலை.

அம்மா செல்கிறார். — எழுவாய்: அம்மா, பயனிலை: செல்கிறார்.
தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. — வந்தது எது? காய்ச்சல். ஆகவே எழுவாய்: காய்ச்சல், பயனிலை: வந்தது.
நான் நலம். — எழுவாய்: நான், பயனிலை: நலம்.

மூன்றாம் எடுத்துக்காட்டில் வினைச்சொல் இல்லை. தமிழில் பெயர்ச்சொல்லும் பயனிலையாக வரும். சில இடங்களில் எழுவாய் வெளிப்படையாக வராது. "வருவேன்" என்ற ஒரு சொல்லே முழுத் தொடராகும். அதன் எழுவாய் 'நான்' என்பது வினையின் முடிவிலிருந்து விளங்குகிறது. இதனைத் தோன்றா எழுவாய் என்பர்.

தனிநிலைத் தொடர்

ஓர் எழுவாயோ பல எழுவாய்களோ ஒரே பயனிலையைக் கொண்டு முடிவது தனிநிலைத் தொடர்.

செழியன் பந்து விளையாடினான்.
கயலும் செழியனும் ஊஞ்சல் ஆடினர்.
என் தாய்மொழி தமிழ்.

இரண்டாம் எடுத்துக்காட்டில் எழுவாய்கள் இரண்டு, பயனிலை ஒன்று. அங்கு வரும் 'உம்' இரண்டு பெயர்களை இணைக்கிறது. அது இரண்டு தொடர்களை இணைக்கவில்லை. ஆகவே அது தனிநிலைத் தொடரே.

தொடர்நிலைத் தொடர்

தனித்து நிற்கக்கூடிய இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொடர்கள் இணைந்து ஒரு தொடராக வருவது தொடர்நிலைத் தொடர். அவற்றுக்கிடையே இணைப்புச்சொல் வரலாம்; அரைப்புள்ளி மட்டும் வருவதும் உண்டு.

யமுனை இமயமலையில் தோன்றுகிறது. ஆனால் தாமிரபரணி மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றுகிறது.
அம்மா செவிலியர், அப்பா கணக்கர்.
செழியன் ஓடினான், ஆனால் பந்தைப் பிடிக்கவில்லை.

மூன்றாம் எடுத்துக்காட்டில் இரண்டு பயனிலைகளுக்கும் செழியனே எழுவாய். ஒரே பெயரை மீண்டும் கூறுதல் வேண்டா என்பதால் இரண்டாம் பகுதியில் அப்பெயர் மறைந்து நிற்கிறது.

தொடர்வண்டிப் பெட்டிகளை இதற்கு ஒப்பிடலாம். இணைப்பைக் கழற்றினாலும் ஒவ்வொரு பெட்டியும் முழுப் பெட்டியாகவே நிற்கும். அதுபோலத் தொடர்நிலைத் தொடரைப் பிரித்தாலும் ஒவ்வொரு பகுதியும் முழுக் கருத்தைத் தரும்.

3. கண்டறியும் முறை

முதற்படி: தொடரில் உள்ள பயனிலைகளை அடிக்கோடிடுக.
இரண்டாம் படி: ஒவ்வொரு பயனிலைக்கும் உரிய எழுவாயைக் கேட்டு அறிக.
மூன்றாம் படி: இணைப்புச்சொல்லை நீக்கி, அவ்விடத்தில் முற்றுப்புள்ளி இடுக. இரு பகுதிகளும் தனித்து நின்று முழுப் பொருள் தந்தால் அது தொடர்நிலைத் தொடர். பிரிக்க இயலாமல் ஒரே பயனிலையில் முடிந்தால் அது தனிநிலைத் தொடர்.

4. கவனத்தில் கொள்க

அ) நீளத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது

திருக்குறள் விரைவு வண்டி தில்லியின் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து புறப்பட்டு, நாகபுரி, சென்னை, மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியை அடைகிறது.

இத்தொடர் நீண்டது. ஆயினும் இதன் எழுவாய் ஒன்று (திருக்குறள் விரைவு வண்டி). பயனிலை ஒன்று (அடைகிறது). ஆகவே இது தனிநிலைத் தொடர்.

மழை வந்தது, வெயில் மறைந்தது.

இது நான்கே சொற்கள் கொண்டது. ஆயினும் எழுவாய்கள் இரண்டு, பயனிலைகள் இரண்டு. ஆகவே இது தொடர்நிலைத் தொடர்.

ஆ) எச்சம் பயனிலை ஆகாது

கயல் காலையில் எழுந்து, குளித்து, உணவு உண்டு, பள்ளிக்குச் சென்றாள்.

இதில் செயல்கள் நான்கு. ஆனால் எழுந்து, குளித்து, உண்டு என்பவை முற்றுப்பெறாத சொற்கள். "கயல் காலையில் எழுந்து" என்று நிறுத்தினால், கேட்பவர் "எழுந்து என்ன செய்தாள்?" என்று வினவுவார். இவை வினையெச்சங்கள். 'சென்றாள்' என்பது மட்டுமே வினைமுற்று. ஆகவே இது தனிநிலைத் தொடர்.

"மழை பெய்ததால் ஆட்டம் நின்றது" என்பது இவ்விரு வகையிலும் அடங்காது. அதில் ஒரு பகுதி மற்றொன்றைச் சார்ந்து நிற்கிறது. அது கலவைத் தொடர் எனப்படும். அதனை மேல்வகுப்பில் கற்கலாம்.

இ) 'மற்றும்' வாக்கியங்களை இணைக்காது

இந்தியில் 'ராம் அவுர் ஷ்யாம்' எனப் பெயர்களை இணைக்கும் 'அவுர்' என்ற சொல்லே, 'ராம் ஆயா அவுர் ஷ்யாம் கயா' என வாக்கியங்களையும் இணைக்கிறது. ஆங்கிலத்தில் 'அண்ட்' என்ற சொல்லும் அவ்வாறே இரண்டு வேலைகளையும் செய்கிறது. தமிழில் அவ்வாறு இல்லை. பெயர்களை இணைக்க 'உம்' வரும்: இராமனும் கண்ணனும். ஒருவரே செய்த செயல்களை வினையெச்சத்தால் அடுக்கிக் கூறலாம். தனித்தனித் தொடர்களை அரைப்புள்ளியாலோ பொருத்தமான இணைப்புச்சொல்லாலோ இணைக்கலாம்.

பிழை: நான் கடைக்குச் சென்றேன் மற்றும் பால் வாங்கினேன்.
திருத்தம்: நான் கடைக்குச் சென்று பால் வாங்கினேன்.

பிழை: இராமன் வந்தான் மற்றும் கண்ணன் சென்றான்.
திருத்தம்: இராமன் வந்தான், கண்ணன் சென்றான்.

5. இணைப்புச்சொற்களும் அவை உணர்த்தும் பொருளும்

ஆகவே, எனவே, அதனால் — முன்னது காரணம், பின்னது விளைவு.
ஏனெனில் — முன்னது விளைவு, பின்னது காரணம்.
ஆனால், ஆயினும், இருப்பினும் — பின்னது முன்னதற்கு மாறுபட்டது.
அல்லது — இரண்டில் ஒன்று.
மேலும் — முன்னதனோடு பின்னதையும் சேர்த்துக் கூறுதல்.
பின்னர், பிறகு — ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்தல்.

இனிக் கயலின் கடிதத்தை மீண்டும் நோக்குக. காய்ச்சலுக்கும் அம்மா மருத்துவமனை செல்வதற்கும் தொடர்பு இல்லை. தொடர்பு இல்லாத இரண்டு செய்திகளை அவள் 'ஆகவே' என்ற சொல்லால் இணைத்தாள். ஊருக்கு வர இயலாமைக்கு உண்மையான காரணம் விடுமுறை இல்லாமை. ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே 'ஆகவே' வரவில்லை. இணைய வேண்டியவை பிரிந்தும், பிரிய வேண்டியவை இணைந்தும் நின்றமையால் தாத்தா வருந்தினார்.

6. கயல் எழுதிய இரண்டாம் கடிதம்

"அன்புள்ள தாத்தாவுக்கு,

வணக்கம். நான் நலம். செழியனுக்குச் சென்ற மாதம் காய்ச்சல் வந்தது. ஆனால் மூன்றே நாளில் குணமாகிவிட்டது. இப்போது அவன் நாள் முழுதும் பந்து விளையாடுகிறான்.

ஒரு மகிழ்ச்சியான செய்தி. அம்மா இங்குள்ள ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணியில் சேர்ந்திருக்கிறார். காலையில் அங்கே சென்று, நோயாளிகளைக் கவனித்து, இரவில் வீடு திரும்புகிறார்.

இங்கே பொங்கலுக்கு நீண்ட விடுமுறை இல்லை. ஆகவே நாங்கள் இப்போது ஊருக்கு வரமாட்டோம். கோடை விடுமுறையில் கட்டாயம் வருவோம். அப்போது தாமிரபரணியில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். அல்லது கரையில் அமர்ந்து கதை சொல்லுங்கள்.

முதல் கடிதத்தில் நான் தவறாக எழுதிவிட்டேன். அதனால் நீங்கள் வருந்தினீர்கள். என்னை மன்னியுங்கள். நேரத்திற்கு உண்ணுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புப் பேத்தி,
கயல்விழி"

7. பயிற்சிகள்

அ. தனிநிலைத் தொடரா, தொடர்நிலைத் தொடரா என எழுதுக.

1. தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.
2. யமுனை பிரயாக்ராஜில் கங்கையுடன் கலக்கிறது. ஆனால் தாமிரபரணி நேரே கடலில் கலக்கிறது.
3. கயலும் செழியனும் அவர்களுடைய பெற்றோரும் தில்லியில் வாழ்கின்றனர்.
4. பஞ்சாபியர் லோஹ்ரி கொண்டாடுகின்றனர். தமிழர் பொங்கல் கொண்டாடுகின்றனர்.
5. அஞ்சல்காரர் மிதிவண்டியில் வந்து, கடிதத்தைக் கொடுத்து, புன்னகையுடன் சென்றார்.
6. படித்தேன், மகிழ்ந்தேன்.
7. இந்திய அரசு 2004ஆம் ஆண்டில் தமிழைச் செம்மொழியாக அறிவித்தது.
8. என் தாய்மொழி தமிழ். என் பள்ளி தில்லியில் உள்ளது.

ஆ. பொருத்தமான இணைப்புச்சொல்லால் நிரப்புக. (ஏனெனில், எனவே, அல்லது, ஆயினும்)

1. தில்லியில் ஜனவரி மாதம் கடுங்குளிர் நிலவுகிறது. ________ மக்கள் கம்பளி ஆடை அணிகின்றனர்.
2. தாத்தா தொலைபேசியில் பேசுவதில்லை. ________ அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.
3. கோடையில் தாத்தா தில்லிக்கு வருவார். ________ கயல் ஊருக்குச் செல்வாள்.
4. கயலின் வீட்டில் தமிழ் நூல்கள் குறைவு. ________ அவள் நாள்தோறும் ஒரு பக்கம் தமிழ் படிக்கிறாள்.

இ. தனிநிலைத் தொடர்களாகப் பிரித்து எழுதுக.

1. அஞ்சல் குறியீட்டெண் முறை 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அவ்வெண்ணில் ஆறு இலக்கங்கள் உள்ளன.
2. தமிழ்நாட்டின் குறியீட்டெண்கள் 6 எனத் தொடங்குகின்றன. ஆனால் தில்லியின் குறியீட்டெண்கள் 11 எனத் தொடங்குகின்றன.

ஈ. இணைத்து எழுதிப் பொருள் வேறுபாட்டைக் கூறுக.

"மழை பெய்தது. செழியன் வெளியே விளையாடினான்." இவ்விரு தொடர்களையும் முதலில் 'ஆகவே' என்ற சொல்லாலும், பின்னர் 'ஆயினும்' என்ற சொல்லாலும் இணைக்க. மழையை விரும்பும் செழியன் எத்தொடரில் தெரிகிறான்? மழையைப் பொருட்படுத்தாத செழியன் எத்தொடரில் தெரிகிறான்?

உ. 'மற்றும்' என்ற சொல்லை நீக்கித் திருத்தி எழுதுக.

1. அம்மா சமைத்தார் மற்றும் அப்பா பாத்திரம் கழுவினார்.
2. நான் பேருந்தில் ஏறினேன் மற்றும் சாளரத்தின் அருகே அமர்ந்தேன்.

ஊ. கடிதம் எழுதுக.

ஊரில் உள்ள தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பா ஆகியோருள் ஒருவருக்குப் பத்து வரிகளில் கடிதம் எழுதுக. அதில் ஐந்து தனிநிலைத் தொடர்களும் மூன்று தொடர்நிலைத் தொடர்களும் இடம்பெறுதல் வேண்டும். எழுதி முடித்த பின்னர் இணைப்புச்சொற்களை அடிக்கோடிடுக. ஒவ்வொன்றும் உண்மையான தொடர்பைத்தான் கூறுகிறதா எனச் சரிபார்த்து, உறையில் இட்டு அஞ்சலில் சேர்க்க.

விடைகள்

அ. 1, 3, 5, 7 ஆகியன தனிநிலைத் தொடர்கள்; 2, 4, 6, 8 ஆகியன தொடர்நிலைத் தொடர்கள்.
ஆ. 1. எனவே 2. ஏனெனில் 3. அல்லது 4. ஆயினும்.
உ. 1. அம்மா சமைத்தார், அப்பா பாத்திரம் கழுவினார். 2. நான் பேருந்தில் ஏறி, சாளரத்தின் அருகே அமர்ந்தேன்.

8. தாத்தாவின் மறுமொழி

பத்து நாள் கழித்துக் கயலுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. அதில் தாத்தா தம் நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தார்:

"அன்புள்ள பேத்தி கயலுக்கு, நலம். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் உன் குரல் எனக்குக் கேட்டது. கோடையில் ஆற்றில் நீர் குறைவாக இருக்கும். ஆகவே நீச்சல் கற்பது எளிது. அம்மாவுக்கு என் ஆசிகள். அடுத்த கடிதத்தை எதிர்பார்த்து, தாத்தா."

இம்மறுமொழியில் உள்ள தொடர்நிலைத் தொடர்கள் எவை? அவற்றை எடுத்து எழுதி, ஒவ்வொன்றின் எழுவாய்களையும் பயனிலைகளையும் குறிப்பிடுக.